பழைய ராணுவக் கத்தியை உறைக்குள் வைக்காதீர்கள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க மரைன் படையின் கத்தியோ, கூர்க்கா வீரர்களின் வளைந்த கத்தியான குக்ரியோ கைக்கு வந்தால், முதலில் அதைத் தோல் உறையிலிருந்து உருவி வெளியே வையுங்கள். உறைக்குள் இருந்தால்தானே பத்திரம் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. பதனிட்ட தோலில் அமிலம் தங்கியிருக்கும், காற்றின் ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். இரும்பில் துரு, பித்தளையில் பச்சைக் களிம்பு. கடற்கரை ஊர் என்றால் கேட்கவே வேண்டாம்!

உறையைப் பக்கத்திலேயே தனியாக வையுங்கள், தொலைந்தால் கத்தியின் விலை இறங்கிவிடும். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கும் ஆசை வேண்டாம்; அந்தப் பழைய கருமைக்கும் சேர்த்துத்தான் சேகரிப்பாளர்கள் காசு கொடுக்கிறார்கள். அலகில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) மெல்லியதாகத் தடவினால் போதும்.

அப்புறம், 1942-இல் வந்த மரைன் கத்தியின் பிடி, அடுக்கிய தோல் வளையங்களால் ஆனது. அதில் எண்ணெய் ஊற்றாதீர்கள், ஊறி நெகிழ்ந்துவிடும்.