ஊர் வரலாற்றுச் சங்கம் தொடங்குவது எப்படி? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

கல்வெட்டு பார்க்கப் போகும் நாலு பேர், பழைய பத்திரம் சேர்க்கும் ரெண்டு பேர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். குமரி மாவட்டத்தில் இப்படி ஒரு கூட்டம் பல ஊர்களில் இருக்கிறது. வாட்ஸ்அப் குழு, எப்போதாவது ஒரு பயணம் என்று நன்றாகத்தான் போகும். ஒருநாள் யாராவது ஓலைக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "வீட்டுல கிடந்தா கரையான்தான் தின்னும், நீங்களே வச்சுக்கிடுங்க" என்று கொடுப்பார். அதை யார் வீட்டில் வைப்பது? வைத்திருப்பவர் காலமானால் அது அவர் பிள்ளைகளுக்கா, குழுவுக்கா? கொடுத்தவரின் தம்பி வந்து திருப்பிக் கேட்டால் யார் பதில் சொல்வது? சங்கம் தேவைப்படுவது இதற்காகத்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் இந்தக் கேள்வியை மனதில் வைத்தே படியுங்கள்.

படி 1: எல்லையைச் சுருக்குங்கள்

மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொள்ளத்தான் ஆசை வரும். வேண்டாம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற பழைய நான்கு தாலுகாக்களில் ஒன்றே போதும். கல்குளத்தை மட்டும் எடுத்தாலே பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரிக் கோட்டை, 1741இல் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மா தோற்கடித்த குளச்சல் என்று ஆயுளுக்கும் வேலை இருக்கிறது.

நோக்கங்களை எழுதும்போது ஒன்றை மறக்கக் கூடாது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தோம். அதனால் மதிலகம் ஆவணங்கள் (பத்மநாபசுவாமி கோயிலின் ஓலைப் பதிவுகள்) உள்பட பழைய அரசுப் பதிவுகளில் பெரும்பகுதி திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. சிதறால் மலையும் வட்டக்கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையிடம். ஆகவே "மாவட்டத்துக்கு வெளியே உள்ள காப்பகங்களிலும் அலுவலகங்களிலும் அனுமதி பெற்று ஆய்வு செய்தல்" என்று ஒரு வரி நோக்கத்திலேயே இருக்கட்டும். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதும்போது அந்த வரி உதவும்.

படி 2: ஏழு பேர்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி சங்கம் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். செயற்குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது.

எண்ணிக்கை சுலபம், ஆட்களைத் தேர்வதுதான் கஷ்டம். தோள்சீலைப் போராட்டத்தையோ தமிழகத்தோடு இணையக் கேட்ட போராட்டத்தில் நடந்த 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டையோ நம் மாவட்டத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள். ஏழு பேரும் ஒரே சமுதாயம், ஒரே சபை, ஒரே கட்சி என்றால் மற்ற வீடுகளின் அலமாரி உங்களுக்குத் திறக்கவே திறக்காது. கடற்கரை ஊரிலிருந்து ஒருவர், மலையோரத்திலிருந்து ஒருவர், பெண்கள் (கண்துடைப்புக்கு ஒருவர் என்றில்லாமல்), மலையாளம் தடுமாறாமல் வாசிக்கும் ஒருவர் என்று பாருங்கள். பொருளாளருக்கு வரலாற்றில் ஆர்வமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கூட்டுறவு வங்கியிலோ தபால் நிலையத்திலோ வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் கிடைத்தால் விடாதீர்கள்.

படி 3: விதிகளை நீங்களே எழுதுங்கள்

பத்திரம் எழுதுபவரிடம் போனால் மாதிரி விதி ஒன்று தயாராக இருக்கும். அதே விதியில் மன்றமும் தொடங்கலாம், குடியிருப்போர் நலச் சங்கமும் தொடங்கலாம். சட்டத்துக்கு அது போதும், உங்களுக்குப் போதாது. சட்டம் கேட்பவை பெரும்பாலும் தெரிந்தவைதான்: உறுப்பினர் சேர்க்கை, நீக்கம், சந்தா, பொதுக்குழு, செயற்குழு, கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வர வேண்டிய ஆட்கள்), கணக்கு. செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம். ஆனால் அதே ஆள் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் செயலாளராக இருக்கக் கூடாது என்று நீங்களே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல செயலாளர்தான் சங்கத்துக்குப் பெரிய ஆபத்து. எல்லாம் அவர் தலையிலும் அவர் பீரோவிலுமே இருக்கும்.

வரலாற்றுச் சங்கத்துக்கென்று தனியாக மூன்று விதி அவசியம்.

ஒன்று, சேகரிப்பு. சங்கத்துக்கு வரும் எந்தப் பொருளும் சங்கத்தின் பெயரில் பதிவாக வேண்டும். தனி ஆளின் வீட்டில் இருந்தாலும் அவர் காவலர் மட்டுமே. விற்கவோ அன்பளிப்பாகக் கொடுக்கவோ பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும்.

இரண்டு, வெளியீடு. சங்கத்தின் பெயரில் கட்டுரையோ புத்தகமோ வருமுன் மூன்று பேர் படித்து ஒப்புதல் தரட்டும். ஒரு குடும்பத்தையோ வழிபாட்டுத் தலத்தையோ பற்றியது என்றால், சம்பந்தப்பட்டவர்கள் சொல்வதையும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கேட்பது என்பது அவர்கள் சொன்னபடி மாற்றி எழுதுவதல்ல, அதையும் விதியில் தெளிவாகவே போடுங்கள். தனிப்பட்ட முறையில் எழுதுகிறவர் சங்கப் பதவியைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

மூன்று, கலைப்பு. தொடங்கும்போதே இதைப் பேசுவது அபசகுனமாகப் படும். பேசித்தான் ஆக வேண்டும். சங்கம் கலைந்தால் மிச்சச் சொத்தை உறுப்பினர்கள் பங்கு போடக் கூடாது. எந்த நூலகத்துக்கு, எந்தக் கல்லூரிக்கு, எந்த அருங்காட்சியகத்துக்குச் சேகரிப்பு போக வேண்டும் என்று இப்போதே எழுதி, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டும் வையுங்கள்.

படி 4: பதிவு

இது பயப்படுகிற அளவுக்கு இல்லை. பதிவுத் துறையின் மாவட்டப் பதிவாளரிடம் சங்க அமைப்புக் குறிப்பு, விதிகள், ஏழு பேரின் கையெழுத்து, அடையாளச் சான்று, அலுவலக முகவரிக்கான சான்று ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். அலுவலகம் யாருடைய வீட்டிலாவது இருந்தால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் வாங்கி வையுங்கள். பெயரில் 'தேசிய', 'இந்திய', 'அரசு' போன்ற சொற்களைத் தவிர்த்தால் அலைச்சல் மிச்சம். சான்றிதழ் கையில் வந்ததும் பான் கார்டு, அப்புறம் வங்கிக் கணக்கு. காசோலையில் இருவர் கையெழுத்து இருக்க வேண்டும், அதில் ஒருவர் பொருளாளர். வருமான வரி விலக்குக்கான பதிவு, நன்கொடை தருபவருக்கான வரிச் சலுகை எல்லாம் நன்கொடை வரத் தொடங்கியபின் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

படி 5: கூட்டம்

மாதம் ஒரு கூட்டம் என்றால் நாள் மாறக் கூடாது. இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணி என்று வைத்தால் ஆராதனைக்குப் போகிறவர்களும் வரலாம். செயற்குழு தனி, பேச்சுக் கூட்டம் தனி. இரண்டையும் ஒன்றாக வைத்தால் சந்தா பாக்கியைப் பற்றிப் பேசும்போது விருந்தினர் கொட்டாவி விடுவார்.

தீர்மானப் புத்தகம் கட்டாயம். யார் என்ன பேசினார் என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். நாள், வந்தவர்கள், தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், அடுத்த கூட்டத்தில் தலைவரின் கையெழுத்து, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டினால் அது தீர்மானம் ஆகாது.

களப்பயணத்துக்கு நம் ஊரில் இரண்டு மழைக்காலமும் உண்டு என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரை வசதி. கடற்கரை ஊர்களில் பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்ய வேண்டுமென்றால் மீன்பிடித் தடைக்காலம் நல்லது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். உட்கார்ந்து பேச ஆட்களுக்கு நேரம் இருக்கும்.

படி 6: பொருட்பதிவேடு

ஆர்வத்தில் எல்லோரும் விட்டுவிடுகிற வேலை இது. தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி, பக்கங்களுக்கு முதலிலேயே எண் போடுங்கள். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

"எண் 7. ஓலைப் பத்திரம், 14 ஏடு. மலையாள எழுத்து. கொல்லம் ஆண்டு 1040 தை என்று உள்ளது. முதல் ஏட்டின் இடது முனை ஒடிந்துள்ளது. 9ஆம் ஏட்டில் பூச்சித் துளை. கயிறு இல்லை. இரவல். படம் எடுத்தபின் 60 நாளில் திருப்ப வேண்டும். படத்தை வெளியிடலாம், குடும்பப் பெயர் வேண்டாம்."

கீழே கொடுத்தவர், வாங்கியவர், சாட்சி என மூன்று கையெழுத்து. நகல் ஒன்று கொடுத்தவர் கையில். சேதத்தை எழுதுவது முக்கியம். வாங்கும்போதே ஒடிந்திருந்தது என்று எழுதாவிட்டால், திருப்பிக் கொடுக்கும்போது ஒடித்தது நீங்கள்தான். இரவலா, நன்கொடையா என்பதையும் வாய்ப்பேச்சில் விடக் கூடாது. "வச்சுக்கிடுங்க" என்பதற்கு இரண்டு அர்த்தமும் உண்டு.

கொல்லம் ஆண்டை அப்படியே எழுதிவிட்டுப் பக்கத்தில் ஆங்கில ஆண்டைப் போடுங்கள். நம் பக்கம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் மார்கழி நடு வரை 824, அதன்பின் 825 கூட்ட வேண்டும். மேலே உள்ள 1040 தை என்பது 1865.

நிலத்தைத் தோண்டும்போது காசோ சிலையோ கிடைத்தால் அது சங்கத்தின் பதிவேட்டுக்கு வரக் கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த சிலை போன்றவற்றுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் உண்டு. கண்டெடுத்தவரைக் கூட்டிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போவதுதான் சங்கத்தின் வேலை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதி இல்லாமல் கல்வெட்டு மைப்படி (மை தடவித் தாளில் ஒற்றும் படி) எடுப்பதும் கூடாது. மாவோ சுண்ணாம்போ தேய்த்துப் படம் எடுக்கிறவர்களைச் சங்கப் பயணத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

படி 7: ஆண்டுக் கணக்கும் கைமாற்றமும்

ஐம்பது ரூபாய் சந்தாவுக்கும் ரசீது, டீ செலவுக்கும் வவுச்சர். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. கணக்கைத் தணிக்கை செய்து, செப்டம்பருக்குள் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அதன்பின் வரவு செலவு, இருப்புநிலைக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல், சங்கம் அந்த ஆண்டு இயங்கியது என்ற உறுதிமொழி ஆகியவற்றைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு வருடம் விட்டால் அடுத்த வருடமும் விட்டுப்போகும். பிறகு மொத்தமாக அபராதத்தோடு கட்ட ஆள் இருக்காது.

நிர்வாகிகள் மாறினால் அதையும் தாக்கல் செய்யுங்கள். அன்றைக்கே பழைய செயலாளரும் புதியவரும் பொருட்பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாகச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். முத்திரை, தீர்மானப் புத்தகம், காசோலைப் புத்தகம், சாவிகள், சங்க மின்னஞ்சலின் கடவுச்சொல், ஸ்கேன் செய்த படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஹார்டு டிஸ்க்கை அங்கேயே கணினியில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.