கருப்பை வாய் கனிதலும் வெள்ளணுக்களும்: அடிக்கடி நேரும் தவறுகள்

கர்ப்பகாலத்தில் கருப்பை வாய் மாதக்கணக்கில் மூடியிருப்பது தசையின் பிடிப்பால் என்று எண்ணுவதில்தான் முதல் கோளாறு. அங்கே தசை குறைவு, பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார். பிரசவம் நெருங்கும்போது அந்த நார்க்கட்டு தளர்கிறது, இதுதான் கனிதல். ஹயலூரானிக் அமிலம் பெருகி நீரை இழுக்கிறது. கனியாத வாய் விரலுக்கு மூக்குநுனி போலக் கெட்டியாக இருக்கும். கனிந்தது உதடு போல மெத்தென்றிருக்கும்.

நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் திரண்டு வந்து, நொதிகளால் நாரை அறுத்து வழிவிடுகின்றன என்பது பழைய விளக்கம். இன்னும் பலர் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் டாலஸ் நகர ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் இந்த அணுக்களை நீக்கிப் பார்த்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. குட்டிகள் உரிய நேரத்தில்தான் பிறந்தன. பிரசவத்துக்கு முன்பே திசுவுக்குள் வந்து சேர்பவை மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள். நியூட்ரோபில்கள் மும்முரமாவது பிரசவத்துக்குப் பிறகு, சிதைந்ததை அகற்றிச் செப்பனிட. பந்தல் போட வந்தவர்கள் அல்ல, பிரிக்க வந்தவர்கள். ஆனால் இதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடவும் கூடாது: சுண்டெலிக்குப் பிரசவத்துக்கு முன் ரத்தத்தில் கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் சரியும், நமக்குச் சரிவதில்லை.

வார்டில் நடக்கும் தவறு வேறு. பிரசவ வலி எடுத்த பெண்ணின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 20,000ஐத் தாண்டினால் உடனே 'இன்ஃபெக்ஷன்' என்று ஆன்டிபயாடிக் ஏற்றுவது. வலியின்போது எண்ணிக்கை 25,000 வரைகூட இயல்பாகவே ஏறும். காய்ச்சல், தாயின் நாடி வேகம், குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 160க்கு மேல் போவது, பனிக்குட நீரில் துர்நாற்றம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்காமல் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. மாதம் நிறையுமுன்பே வாய் தளர்ந்தால் கதை மாறுகிறது. கிருமித்தொற்று அதே வெள்ளணுக்களைத் தூண்டி, வேறு பாதையில் திறக்க வைக்கலாம். அங்கே தொற்றைத் தேடியே ஆக வேண்டும்.

கனியாத வாய்க்கு நேரே ஆக்சிடோசின் டிரிப் போடுவதும் வீண். அது கருப்பையைச் சுருக்கும், நாரைத் தளர்த்தாது. வாய் எவ்வளவு கனிந்திருக்கிறது என்பதை அளக்கும் பிஷப் மதிப்பெண் 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் முதலில் கனிய வைக்க வேண்டும். கனிய வைக்கும் மருந்தான டைனோப்ரோஸ்டோன் ஜெல் 0.5 மி.கி. வைத்தால், ஆக்சிடோசினுக்கு 6 மணி நேரமாவது இடைவெளி தேவை. இன்னொரு கனிய வைக்கும் மருந்தான மிசோப்ரோஸ்டால் 25 மைக்ரோகிராம் என்றால் 4 மணி நேரம். 200 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால் மாத்திரையை எட்டாக உடைத்தால் துண்டுகள் சமமாக வராது, 200 மி.லி. நீரில் கரைத்து, நன்றாகக் கலக்கி, 25 மி.லி. அளந்து குடிக்கக் கொடுப்பதே சரி. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த மருந்து வேண்டாம், பழைய தையல் விட்டுப்போகும் அபாயம் உண்டு.