ஆர்பி சீனில் எதிரே இருப்பவருக்கு இடம் விடுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

ஆர்பி (ரோல்பிளே, அதாவது ஆன்லைன் கேமில் ஒரு வேடம் எடுத்து அந்த ஆளாகவே ஆடுவது) ஆட புதிதாக வருகிற தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணா, கேரக்டரை எப்படி உருவாக்குறது?" நாலு பக்கத்துக்கு முன்கதை எழுதி வைத்திருப்பார்கள். அப்பா யார், தழும்பு எப்படி வந்தது, எந்தக் கடனுக்காக ஊரை விட்டு ஓடி வந்தான் என்று எல்லாம் இருக்கும். கேம் நகரத்துக்குள் இறங்கி இரண்டு நாள் ஆனதும், "யாருமே என்கூட சீன் பண்ண மாட்டேங்கிறாங்க" என்று வந்து நிற்பார்கள்.

கேரக்டரில் குறை ஒன்றும் இருக்காது. அவர்கள் பேசும் ஒவ்வொரு வரியும் தன்னோடு தொடங்கித் தன்னோடு முடிந்துவிடுவதுதான் காரணம். எதிரே நிற்பவருக்குச் செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை. அந்த மிச்சத்தை எப்படி விடுவது, எதிராளி விட்டதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

உதாரணங்களை ஜிடிஏ ஃபைவ் என்ற வீடியோ கேமின் ஆர்பியிலிருந்து எடுக்கிறேன். நம் ஆட்கள் அதிகம் இறங்குவது அங்கேதான், தமிழிலேயே பேசி ஆடும் நகரங்களும் இருக்கின்றன. 2015-ல் பிசிக்கு வந்த இந்த கேமின் மேல் ஃபைவ்எம் என்ற மாட் (கேமை மாற்றி ஆட உதவும் மென்பொருள்) வழியாகத் தனி சர்வர்கள் ஓடுகின்றன. அந்த ஃபைவ்எம் குழுவையே 2023 ஆகஸ்டில், கேமை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. போலீஸ், டாக்டர், மெக்கானிக், திருடன் என்று ஒவ்வொருவரும் ஒரு வேடம் எடுத்து மைக்கில் பேசி ஆடுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் குரல் கேட்கும். குரலில் காட்ட முடியாததை சாட்டில் தட்ட வேண்டும். /மீ என்றால் என் கேரக்டர் செய்யும் செயல். /டூ என்றால் சுற்றி இருப்பதைப் பற்றிய தகவல், அல்லது அதைப் பற்றிய கேள்வி. கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டுவீர்கள், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

படி 1: முயற்சி உங்களுடையது, விளைவு அவருடையது

இது ஒன்று கைவந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

புதியவர் தட்டுவது: "/மீ அவர் கையிலிருந்த ஃபோனைப் பறித்து உடைக்கிறார்."

இதைப் படிக்கும் எதிராளிக்கு என்ன வேலை? ஃபோன் போய்விட்டது, உடைந்தும்விட்டது. அவர் கையை எந்தப் பக்கம் வைத்திருந்தார், இறுக்கிப் பிடித்திருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. இதற்குத்தான் பவர்கேமிங் என்று பெயர். பல சர்வர்களில் இதற்கு அட்மினிடம் ரிப்போர்ட் போகும்.

தமிழில் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. வினையோடு 'பார்' சேர்த்தால் போதும். "/மீ அவர் கையிலிருக்கும் ஃபோனைப் பறிக்கப் பார்க்கிறார்." பறித்தாரா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. அடுத்த வரி எதிராளியுடையது. "/மீ கையைப் பின்னால் இழுக்கிறார், ஃபோன் நழுவிக் கீழே விழுகிறது" என்று அவரே எழுதலாம். நீங்கள் உடைக்க நினைத்த ஃபோனை அவரே கீழே போட்டுக் கொடுத்துவிட்டார். இடம் விட்டால் பல நேரம் கேட்டதற்கு மேலேயே கிடைக்கும்.

கார் மோதினால், தோட்டா பட்டால் கேம் தானே காட்டிவிடும். கயிறு எவ்வளவு இறுக்கம், கத்தி எவ்வளவு ஆழம், பயம் எவ்வளவு என்பதெல்லாம் கேமுக்குத் தெரியாது. அந்த வெற்றிடத்தை இரண்டு பேரும் பேச்சுவார்த்தையில்தான் நிரப்ப வேண்டும். 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கிய மட் என்ற விளையாட்டில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. அந்த வழியில் வந்த எழுத்து உலகங்களில் ஆடியவர்களுக்கும் இதே சிக்கல்தான்: அடுத்தவன் உடம்புக்கு என்ன ஆனது என்று நான் எழுதலாமா? எழுதக் கூடாது என்பதுதான் ஆர்பி ஆடும் இடங்களில் நிலைத்துவிட்ட வழக்கம்.

படி 2: /டூ கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், கொஞ்சம் கூடுதலாகவே சொல்லுங்கள்

கேமில் இருக்கும் பில்பாக்ஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் வேடம் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரே புலம்பலாக இருக்கும். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவரிடம் "/டூ எங்கே அடிபட்டிருக்கிறது?" என்று கேட்பார்கள். பதில் வரும்: "தெரியல டாக்டர், சீக்கிரம் எழுப்பி விடுங்க." அந்த டாக்டர் தன் மாலை நேரத்தை ஒதுக்கி வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கிடைத்தது ஒரு பட்டனை அழுத்தும் வேலை.

அதே இடத்தில் இப்படி ஒரு பதில் வந்தால்:

"/டூ இடது தொடையில் ஆழமான வெட்டு. மேலே சுற்றிய துணி ரத்தத்தில் ஊறியிருக்கும். உற்றுப் பார்த்தால் அது போலீஸ் சட்டையின் கிழிசல் என்று தெரியும்."

டாக்டர் கேட்டது காயத்தை மட்டும். சட்டைக் கிழிசல் நீங்கள் சேர்த்துக் கொடுத்தது. அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி தையல் போடலாம். "இந்தத் துணி எங்கேருந்து வந்துச்சு தம்பி?" என்று மெதுவாகக் கேட்கலாம். வெளியே போய் யாருக்காவது ஃபோன் செய்யலாம். மூன்று வழிகள் அவருக்குத் திறந்திருக்கின்றன, மூன்றிலும் உங்களுக்கு ஆபத்து. அந்த ஆபத்தை நீங்களே கையில் எடுத்துக் கொடுக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் கொடுக்கல்.

/டூவில் பொய் சொல்லக் கூடாது. கேரக்டர் வாயால் ஆயிரம் பொய் சொல்லலாம், /டூ மட்டும் கேமின் கண் மாதிரி. அதிலும் பொய் கலந்தால் எதிராளி நம்புவதற்கு எதுவும் இல்லை.

படி 3: ஒவ்வொரு வரியிலும் ஒரு கொக்கி

ஒரு மெக்கானிக் கடை. வண்டியோடு ஒருவர் வருகிறார். "தம்பி, வண்டி ரிப்பேர்." "ஆச்சுண்ணே, ஐந்நூறு." முப்பது விநாடியில் சீன் முடிந்தது. இருவரும் தப்பு ஒன்றும் செய்யவில்லை, ஆனால் ஒன்றும் நடக்கவுமில்லை.

அதே கடை, அதே இரண்டு பேர், இன்னொரு மாதிரி:

"அண்ணே, வண்டி உங்களுதா?"

"மச்சானோடது. ஏன் தம்பி?"

/மீ பானட்டைத் தூக்கி, டார்ச் அடித்து உள்ளே பார்க்கிறார்

/டூ ரேடியேட்டர் பக்கம் ஏதாவது வித்தியாசமாகத் தெரியுமா?

/டூ ரேடியேட்டருக்கும் கிரில்லுக்கும் நடுவில் ஒரு துணிப் பொட்டலம் சொருகியிருக்கும்

"அண்ணே... இது என்னண்ணே?"

"அத நீ பாக்கல தம்பி. மூடு. எவ்வளவு ஆச்சு சொல்லு."

பொட்டலம் வரப்போகிறது என்று மெக்கானிக்குக்கும் தெரியாது, வண்டிக்காரருக்கும் தெரியாது. "வண்டி உங்களுதா?" என்ற சாதாரணக் கேள்விக்கு 'ஆமா' என்று முடித்துவிடாமல் மச்சானை இழுத்து வந்தார் வண்டிக்காரர். அது ஒரு கொக்கி. மெக்கானிக் அதைப் பிடித்துக்கொண்டு, "வித்தியாசமாகத் தெரியுமா?" என்று வாசலைத் திறந்து வைத்தார். "பொட்டலம் இருக்கிறது" என்று தானே சொல்லவில்லை. வண்டி அவருடையது இல்லையே! வண்டிக்காரர் பொட்டலத்தை வைத்தார், ஆனால் உள்ளே என்ன என்று சொல்லவில்லை. மெக்கானிக்கும் பிரித்துப் பார்க்கவில்லை, கேட்டார். "நீ பாக்கல" என்ற வரியில் மிரட்டலும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது என்பது மெக்கானிக் பாடு. இந்தப் பொட்டலத்தை வைத்து ஒரு வாரம் ஓட்டலாம்.

ஒரு வரி தட்டி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் படித்தவர் அடுத்து என்ன செய்யலாம்? உங்களுக்கே ஒன்றும் தோன்றவில்லை என்றால் அவருக்கும் தோன்றாது.

படி 4: கொடுத்ததை வாங்கிக்கொள்ளுங்கள்

எழுதி வைக்காமல் மேடையிலேயே உருவாக்கி நடிக்கும் நாடகக் குழுக்கள் உண்டு. 1959-ல் சிகாகோவில் தொடங்கிய செகண்ட் சிட்டி அவற்றில் பெயர்பெற்றது. இந்த வகை நடிப்பில் முதலில் சொல்லித்தரும் பாடம் "ஆமா, அதோட..." என்பது. கூட நடிப்பவர் சொன்னதை உண்மை என்று ஏற்று, அதன் மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

கேம் நகரத்தின் லெஜியன் ஸ்கொயர் சதுக்கத்தில் நிற்கிறீர்கள். முன்பின் பார்க்காத ஒருவர் வந்து, "டேய், என் தங்கச்சி கல்யாணத்துக்கு ஏன்டா வரல?" என்கிறார். "யாருங்க நீங்க? உங்களைத் தெரியாதே" என்றால் அவர் நீட்டிய கையைத் தட்டிவிட்டீர்கள். "வந்தா உங்கப்பா மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். இப்போது ஒரு அப்பா இருக்கிறார், ஒரு பழைய தகராறு இருக்கிறது, இரண்டையும் நீங்கள் அவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

புதியவர்கள் இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்வார்கள். ஏற்றுக்கொள்ள வேண்டியது ஆடுகிறவர். கேரக்டர் மறுக்கலாம், சண்டை போடலாம், கதவைச் சாத்தலாம். கல்யாணம் நடந்தது என்பதை மட்டும் அழிக்காதீர்கள், போதும். உங்கள் கேரக்டரின் முன்கதையையே மாற்றிவிடும் அளவுக்குப் பெரிய விஷயம் வந்தால் மட்டும் டிஸ்கார்ட் சாட்டில் தனியாகப் பேசி முடிவு செய்யுங்கள்.

படி 5: தோற்கக் கற்றுக்கொள்ளுங்கள், தோற்பவரைக் கவனித்துக்கொள்ளுங்கள்

துப்பாக்கி நீட்டினால் கையைத் தூக்க வேண்டும், உயிர் பயம் தெரிய வேண்டும். இது பெரும்பாலான சர்வர்களில் விதியாகவே இருக்கிறது. தோற்பவருக்கு விதி இருக்கிறது, சரி. ஜெயிப்பவர் என்ன தர வேண்டும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஒருமுறை கேமில் ஃப்ளீக்கா வங்கிக் கொள்ளையில் என்னைப் பணயக்கைதியாகப் பிடித்தார்கள். நான் மறுக்கவில்லை, கைகட்டி உட்கார்ந்தேன். முப்பத்தைந்து நிமிடம். வெளியே போலீஸோடு பேரம், உள்ளே லாக்கர் வேலை. என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "/டூ கட்டு எவ்வளவு இறுக்கம்?" என்று கேட்டேன், பதில் இல்லை. "அண்ணே, தண்ணி கிடைக்குமா?" என்றேன், அதற்கும் இல்லை. கடைசியில் சாண்டி ஷோர்ஸ் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அது அருமையான கொள்ளை. எனக்கு அது காலி நேரம்.

கைதி உங்களுக்குத் தன் நேரத்தைத் தந்திருக்கிறார், அதற்கு ஈடு செய்யுங்கள். பெயரைக் கேளுங்கள். "வீட்ல யாரு இருக்கா?" என்று கேளுங்கள், அந்தப் பதிலில் ஒரு கதை வரும். நாலு பேர் கும்பலில் ஒருவரை மட்டும் இளகிய மனசுக்காரனாக வைத்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் தண்ணீர் கொடுக்க விடுங்கள். போலீஸுடன் பேச கைதியையே அனுப்பிப் பாருங்கள். துப்பாக்கி உங்கள் கையில் இருக்கும்போதுதான் நீங்கள் அதிகமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஆளோடு அடிக்கடி ஆடுகிறீர்கள் என்றால், போன இரண்டு தடவையும் ஜெயித்தது யார் என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள்தான் என்றால் மூன்றாவதில் மாட்டிக்கொள்ளுங்கள். கைரேகையை விட்டுவிட்டு வாருங்கள்.

படி 6: தாளம்

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்டிருப்பீர்கள். மிருதங்கம் வாசித்து நிறுத்தியதும் கடம் அதே அளவுக்கு வாசிக்கும். பிறகு குறைப்பில் இருவரும் அளவைச் சேர்ந்தே குறைத்துக்கொண்டு வருவார்கள். ஒருவர் மட்டும் நீட்டினால் காதுக்கு உடனே தெரிந்துவிடும். ஆர்பியிலும் அப்படித்தான். மைக்கில் ஒரு விஷயத்தைச் சொல்லி நிறுத்துங்கள். இரண்டு விநாடி மௌனம் வந்தால் பதறி நிரப்பாதீர்கள், எதிராளி யோசித்துக்கொண்டிருப்பார். எழுத்திலேயே ஆர்பி ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேம் மாதிரி இடங்களில் ஒரு மெசேஜுக்கு 255 எழுத்துதான். அதில் மூன்று மெசேஜ் தொடர்ந்து நீங்களே அனுப்பினால், முதல் மெசேஜுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தவர் அதை அழிக்க வேண்டியதாகிவிடும்.

மூன்றாவது ஆள் சும்மா நின்றால் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

படி 7: வேடத்துக்கு வெளியே

வேடத்துக்குள் நடப்பதை ஐசி என்றும், வெளியே நடப்பதை ஓஓசி என்றும் சொல்வோம். இரண்டையும் கலக்காதீர்கள். அடுத்தவர் ஆடுவதை நேரலையில் காட்டும் ஸ்ட்ரீமில் பார்த்த தகவலைக் கேரக்டருக்குத் தெரிந்த மாதிரி பயன்படுத்துவது மெட்டாகேமிங், எதிராளி உழைத்து மறைத்ததைத் திருடுவது அது. கேரக்டர் மேல் வந்த கோபத்தை ஆள் மேல் காட்டுவது அதைவிட மோசம்.

சித்திரவதை, நிரந்தரச் சாவு, குடும்பத்தைத் தொடும் சீன் என்றால் முன்கூட்டியே கேளுங்கள். "வேணாம்" என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். நடுவில் ஒருவருக்குச் சங்கடம் என்றால் சீனை அங்கேயே நிறுத்த வேண்டும், எந்தக் கதையும் அதற்கு மேல் இல்லை. பாலியல் விஷயம் வைத்த சீனை நான் ஆடுவதே இல்லை. எதிரே இருக்கும் குரலுக்கு என்ன வயது என்று நமக்குத் தெரியாது.

சீன் முடிந்ததும் ஒரு சின்ன மெசேஜ் போடுங்கள்: "நேத்து அந்தத் தண்ணி கொடுத்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது ப்ரோ. என் கை உடைஞ்சத ஒரு வாரம் வெச்சுக்கவா?" இதைப் பார்த்தவர் அடுத்த முறை உங்களைத் தேடி வருவார்.

இன்றைக்கே செய்து பாருங்கள்

ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு கடைக்குள் போங்கள். பத்து நிமிடம். ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாடிக்கையாளர். துப்பாக்கி வேண்டாம், வண்டி வேண்டாம். /மீ தட்டும்போதெல்லாம் 'பார்க்கிறார்' என்று முடியுங்கள். ஆளுக்கு இரண்டு தடவையாவது /டூவில் கேள்வி கேளுங்கள். முடிந்ததும் வேடத்தைக் கழற்றிவிட்டு நண்பரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எந்த இடத்துல உனக்குச் செய்ய ஒண்ணும் இல்லாமப் போச்சு?" அவர் சொல்லும் இடத்திலிருந்து அதே சீனை இன்னொரு தடவை ஆடுங்கள்.