பிரசவத்துக்கு முன் ஒரு காலண்டர் அட்டை: எங்கள் வீட்டுச் செய்முறை

என் தங்கை தலைப்பிரசவத்துக்காக ஒடுகத்தூர் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். துணிப்பை, தாய்சேய் நல அட்டை, பிக்மி எண் (அரசிடம் கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண்) எல்லாம் தயார். ஒன்பதாம் மாதம், இரவு பதினொரு மணிக்கு இரத்தம் பட்டது. உடனே பெங்களூரில் இரவு வேலையில் இருந்த மாப்பிள்ளையை அழைத்தோம். அவர் எடுக்கவில்லை. "அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்று அம்மா ஒரு மணி நேரம் கழித்துவிட்டார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்; அந்த ஒரு மணி நேரம்தான் என்னை எழுத வைக்கிறது. அவசரத்தில் யார் முடிவெடுப்பது, யாரை அழைப்பது என்பதை முன்பே பேசி ஒரு காலண்டர் அட்டையில் எழுதி வைப்பதுதான் எங்கள் செய்முறை.

முதலில், தாய்வீட்டுக்கு வந்த வாரமே அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். புகுந்த வீட்டு ஊரில் பதிந்ததை இவர் தானாகவே அறிந்திருப்பார் என்று இருந்துவிட வேண்டாம்.

அடுத்து ஹீமோகுளோபின். 11-க்குக் கீழே என்றால் இரத்தசோகை. பிரசவத்தில் இழக்கும் இரத்தத்தை அந்த உடல் தாங்குவது கடினம். இரும்புச்சத்து மாத்திரையை டீயுடன் விழுங்கினால் பாதி வீண். என் தங்கை அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

இனி, நாங்கள் இடறிய இடம். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, கணவரையும் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, இதைக் கேட்டுவிடுங்கள்: "நீங்கள் கிடைக்காவிட்டால் யார் முடிவெடுப்பது?" இரண்டு பெயர்கள் வேண்டும். அதில் ஒன்று கர்ப்பிணியின் பெயராக இருக்கட்டும். எந்த அறிகுறி வந்தால் யாரையும் கேட்காமல் கிளம்புவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்: இரத்தப்போக்கு, வலிப்பு, விடாத தலைவலி, கண் மங்கல், பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல். இந்தத் தயக்கம் புதிதல்ல. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். மருத்துவர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். ஆண் என்பதால் குடும்பத்தார் அழைக்கவில்லை. அந்த மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர்தான் பிறகு தானே மருத்துவம் படித்து, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலுடன் ஒரு சிறிய கிளினிக் தொடங்கினார்.

வண்டிக்கு 108. அதற்கு மேல் ஒரு ஆட்டோக்காரர் போதாது, இருவர் வேண்டும். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எங்கள் ஆட்டோக்காரர் குடும்பத்தோடு போய்விடுவார்! மலைக் கிராமத்தார் வலி வரும்வரை காத்திராமல் சில நாட்கள் முன்பே கீழே இறங்கிவிடுவது நல்லது.

இரத்தத்துக்கு மூன்று பேரைச் சொல்லி வையுங்கள். 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாமல், கடந்த மூன்று மாதத்தில் (பெண்கள் என்றால் நான்கு மாதத்தில்) இரத்தம் கொடுக்காதவர்கள். எடுத்த இரத்தத்தைப் பரிசோதித்த பிறகே ஏற்றுவார்கள், அதற்கு நேரம் பிடிக்கும். நெகட்டிவ் வகை எளிதில் கிடைக்காது, அதனால் அந்த வகைக் கர்ப்பிணிகள் மருத்துவமனையிலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு, திடமான பெண்ணையும் சில மணி நேரத்தில் கொன்றுவிடும்.

இதற்கெல்லாம் செயலி வேண்டாம் என்பது என் கட்சி. தினசரி காலண்டரின் பழைய அட்டையைத் திருப்பி, தடித்த பேனாவால் பெயர்களையும் எண்களையும் எழுதி, கதவுக்குப் பின்னால் மாட்டினோம்.

பின்சேர்க்கை: எண்கள் எல்லாம் மனைவியின் கைப்பேசியிலேயே இருந்தன, அவளுக்கு மயக்கம், பூட்டைத் திறக்க யாருக்கும் தெரியவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இன்னொருவர், தன் மாமியாருக்கு எழுத்துத் தெரியாது என்றார். அதன்பின் எங்கள் அட்டையில் ஆட்டோ எண்ணுக்குப் பக்கத்தில் ஆட்டோப் படமும், இரத்தம் தருபவர்களுக்கு ஒரு சிவப்புப் பொட்டும் வைத்திருக்கிறோம்.