விருந்துக்கு ஒரு வீகன் பெரிய கறி: பலாக்காயும் கடலையும்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் விருந்து என்றால் ஒவ்வொருவர் சாப்பாடும் ஒவ்வொரு மாதிரி. சித்திக்கு வெள்ளிக்கிழமை விரதம். காத்தான்குடியில் இருந்து வரும் ராத்தா வீட்டாருக்கு ஹலால் இறைச்சி என்று உறுதியாகத் தெரிய வேண்டும். கனடாவில் இருந்து வரும் மச்சாளின் மகள் வீகன். தவக்காலம் என்றால் பக்கத்து வீட்டு அக்காவும் இறைச்சி தொடமாட்டார்.

முன்பெல்லாம் இறைச்சி, மீன், இறால் என்று சமைத்துவிட்டு, சைவக்காரருக்கு ஓரமாகப் பருப்பும் வெண்டைக்காயும் வைப்பேன். ஒருமுறை இறால் சட்டிக்குள் கிடந்த அகப்பையை யாரோ பருப்புக்குள் போட்டுவிட்டார்கள். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. வெறும் சோற்றை ஊறுகாயோடு சாப்பிட்டுவிட்டு எழும்பினார். எனக்கு மனம் ஆறவே இல்லை. அதற்குப் பிறகு, பந்தியின் பெரிய சட்டியே எல்லாரும் சாப்பிடக்கூடிய கறியாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். இறைச்சி பக்கத்தில் சின்னச் சட்டியில் இருக்கட்டும்.

சமைக்க முதல் ஒரு விஷயம். வீகனைத் தமிழில் நனிசைவம் என்கிறார்கள். நம் சைவத்தில் நெய், பால், மட்டக்களப்புத் தயிர் எல்லாம் உண்டு. வீகனில் அவை கிடையாது, தேனும் கிடையாது. சம்பலுக்கும் சுண்டலுக்கும் போடும் மாசி காய்ந்த மீன், ஆகவே அது அந்தப் பிள்ளைக்கும் ஆகாது, சித்திக்கும் ஆகாது. மாஜரீன் சிலவற்றில் பால் சேர்ந்திருக்கும். தேங்காய்ப்பால் பவுடர் வாங்கினால் பக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்; சோடியம் கேசினேட் என்று இருந்தால் அது பாலில் இருந்து எடுத்த புரதம். தேங்காயைத் துருவிப் பிழிந்தால் இந்தக் கவலையே இல்லை.

20 பேருக்கு அளவு சொல்கிறேன். பிஞ்சுப் பலாக்காய் வெட்டித் துப்புரவாக்கிய பிறகு 2 கிலோ வேண்டும். தோலும் நடுத்தண்டும் போகப் பாதிதான் தேறும், ஆகவே 4 கிலோ வாங்குங்கள். கொண்டைக்கடலை அரைக் கிலோ, தேங்காய் 4, சின்ன வெங்காயம் 300 கிராம், உள்ளி ஒரு முழுப்பூண்டு, பெருவிரல் அளவு இஞ்சி, பச்சை மிளகாய் 8, வறுத்த கறித்தூள் 5 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, மஞ்சள் ஒரு தேக்கரண்டி, எலுமிச்சங்காய் அளவு பழப்புளி. கறுவா, ஏலம், கராம்பு, ரம்பை இலை, கறிவேப்பிலை கொஞ்சம் தாராளமாக.

முதல் நாள் இரவே கடலையை ஊறப்போடுங்கள், 8 மணித்தியாலமாவது ஊற வேண்டும். பலாக்காய் வெட்டுவதுதான் புதிதாகச் சமைப்பவர்கள் பயப்படும் இடம். கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் பூசுங்கள், காயின் பிசின்பால் ஒட்டாது. பச்சைத் தோலைத் தடிப்பாகச் சீவிவிட்டுக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கத்தி விதைக்குள்ளாலும் வழுக்கிக்கொண்டு போனால் நல்ல பிஞ்சு. விதையில் தட்டி நின்றால் முற்றிவிட்டது; இந்தக் கறிக்கு எடுக்காதீர்கள். இரண்டு விரல் அகலத் துண்டுகளாக்கி, கறுக்காமல் இருக்க உடனே மஞ்சள் கலந்த தண்ணீரில் போடுங்கள்.

மறுநாள் காலையில் கடலையை உப்புப் போட்டு அவித்துக்கொள்ளுங்கள். துருவிய தேங்காய்ப்பூவில் கெட்டியான முதல் பாலைப் பிழிந்து தனியே வையுங்கள். பிறகு தண்ணீர் விட்டு இரண்டு தரம் பிழிந்தால் 2 லீட்டர் தண்ணிப்பால் வரும்.

சட்டி முக்கியம். மீன் காய்ச்சிய மண்சட்டியை எவ்வளவு தேய்த்தாலும் வாடை விடாது. புதுச் சட்டி அல்லது நன்றாகக் கழுவிய அலுமினியச் சட்டி எடுங்கள். தேங்காய் எண்ணெயில் வெங்காயம், உள்ளி, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ரம்பை, கறுவா, ஏலம், கராம்பு போட்டுப் பொன்னிறமாகும் வரை வதக்குங்கள். அடுப்பைக் குறைத்துத் தூள்களைப் போட்டு ஒரு பிரட்டு. தூள் கருகினால் கறி முழுக்கக் கைக்கும், ஆகவே உடனே பலாக்காயைக் கொட்டிக் கிளறித் தண்ணிப்பாலை விடுங்கள். ஒன்றரை மேசைக்கரண்டி உப்புப் போட்டு மூடி, மெல்லிய நெருப்பில் முக்கால் மணித்தியாலம்.

புளியை இப்போது விடக்கூடாது. புளிப்பு முன்னால் சேர்ந்தால் காய் மெத்தென்று வேகாமல் இழுத்தடிக்கும். ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நார் நாராகப் பிரிந்து வந்தால் வெந்துவிட்டது. அப்போது கடலையையும் புளிக்கரைசலையும் சேர்த்து 10 நிமிடம் கொதிக்கவிட்டு, கடைசியாக முதல் பால். முதல் பால் விட்ட பிறகு கொதிக்க விடாதீர்கள், திரைந்துவிடும். ஓரத்தில் சின்னக் குமிழி வரும்போது இறக்கி, உப்பைப் பாருங்கள்.

இந்த நாருக்காகத்தான் நான் பலாக்காயைத் தேர்ந்தெடுத்தேன். முதல் தரம் வைத்தபோது ராத்தா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “இது என்ன இறைச்சி தங்கச்சி?” என்று மெதுவாகக் கேட்டார். கடலையும் சேர்வதால் வயிறும் நிறையும், பருப்பு தனியாகத் தேவையில்லை. கூட மஞ்சள் சோறு ஆக்கினால் நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயில் தாளியுங்கள். கஜு (முந்திரிப்பருப்பு) போட விரும்பினால் வறுத்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம்.

நம் ஊர் வெக்கைக்குத் தேங்காய்ப்பால் சேர்ந்த கறி பின்னேரமே புளித்துவிடும். இரவு விருந்து என்றால் தண்ணிப்பாலோடு வேகவைத்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், முதல் பாலையும் அதில் தனியே வையுங்கள்; ஆட்கள் வரும் நேரத்தில் கறியைச் சூடாக்கி முதல் பாலை விடுங்கள்.

பரிமாறும்போது இந்தச் சட்டியை மேசையின் தலைப்பக்கம் வையுங்கள், இறைச்சியும் மீனும் மறு முனையில். ஒவ்வொன்றுக்கும் தனி அகப்பை. பலாக்காய்ச் சட்டிக்கு நான் சிரட்டை அகப்பை போடுவேன், மற்றவற்றுக்கு எவர்சில்வர், மாறினால் உடனே கண்ணில் படும். விரதக்காரருக்கும் வீகன் பிள்ளைக்கும் முதலில் போட்டுவிடுங்கள். இறைச்சி சாப்பிடுகிற ஆட்கள்தான் இந்தச் சட்டிக்கு இரண்டாம் தரம் வருவார்கள், அதனால் நான் சொன்ன அளவில் குறைக்காதீர்கள்.