வனடேட் எவ்வளவு விரிகிறது? எக்ஸ் கதிரை வைத்து அளக்கும் வழி

வனடேட் (வனேடியமும் ஆக்சிஜனும் இன்னொரு உலோகத்தோடு சேர்ந்த உப்பு) தூளைச் சூடாக்கி எக்ஸ் கதிர்ப் பதிவு எடுப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. அதிலிருந்து நம்பத்தக்க விரிவுக் குணகத்தை (ஒரு கெல்வின் சூட்டுக்கு எவ்வளவு பங்கு விரிகிறது என்ற எண்ணை) எடுப்பதில்தான் சிக்கலே.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். இட்ரியம் வனடேட்டை எடுத்துக்கொள்வோம். படிக அமைப்பு சிர்கான் கனிமத்தின் வகை, டெட்ராகனல்: மூன்று அச்சுகளும் செங்குத்து, இரண்டு (ஏ) சம நீளம், மூன்றாவது (சி) வேறு நீளம். ஏ அச்சு 7.12, சி அச்சு 6.29 ஆங்ஸ்ட்ராம். வனேடியத்தைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் நிற்கும் நான்முகி ரொம்ப இறுக்கம், சூட்டுக்கு லேசில் அசையாது. நீளுவது பெரும்பாலும் இட்ரியம்-ஆக்சிஜன் பிணைப்புதான். இதனால் ஏ அச்சு ஒரு கெல்வினுக்கு சுமார் 4.4×10⁻⁶ விரிந்தால் சி அச்சு 11.4×10⁻⁶ விரியும். ஒரே சராசரி எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்தால் பாதிச் செய்தி போய்விடும்.

சரி, அளவீடு. தூளை நன்றாக அரைத்து (வனேடியம் ஆக்சைடு தூசி நச்சு, முகமூடியும் கையுறையும் கட்டாயம்) அதோடு கொஞ்சம் ஆல்ஃபா அலுமினாவை உள் அளவுகோலாக (விரிவு ஏற்கெனவே தெரிந்த ஒப்பீட்டுப் பொருளாக) கலந்துவிடுங்கள். இதை வீண் வேலை என்று நினைக்கவேண்டாம். சூடாகும்போது மாதிரித் தாங்கியும் விரிந்து மாதிரியை மேலே தூக்கும். கருவியின் ஆரம் 200 மில்லிமீட்டர் என்றால் வெறும் 0.1 மில்லிமீட்டர் உயர்வு, செம்புக் குழாயின் எக்ஸ் கதிரில் 25 பாகைக் கோணத்தில் (2θ) வரும் சிகரத்தை 0.056 பாகை வலப்பக்கம் தள்ளும். அணுத் தளங்களுக்கு இடையிலான தூரம் 0.22 சதவீதம் குறைந்ததுபோலத் தெரியும். வெப்பநிலை 500 கெல்வின் ஏறும்போது ஏ அச்சு விரிவதும் அதே 0.22 சதவீதம்தான்! அந்த ஒற்றைச் சிகரத்தை நம்பினால் பொருள் விரியவே இல்லை என்று எழுதிவைப்பீர்கள். ஆகவே அலுமினாவின் சிகரங்களை வைத்து உயரத்தைத் திருத்திவிட்டு, முழுப் பதிவையும் ரீட்வெல்ட் முறையில் (படிக மாதிரியிலிருந்து கணக்கிட்ட பதிவை அளந்த பதிவோடு ஒத்துப்போகச் செய்யும் முறை) பொருத்துங்கள். கலவை வினைபுரியவில்லையே என்று கடைசியில் ஆறியபின் ஒரு பதிவு எடுத்துச் சரிபாருங்கள்.

அப்புறம், அச்சு நீளம் வெப்பநிலையோடு மாறும் வரைபடத்தைப் பார்க்காமல் நேர்கோடு போடாதீர்கள். சிர்கோனியம் வனடேட் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் வரை விரிந்து, அதற்குமேல் சுருங்கும். இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. பிஸ்மத் வனடேட்டில் 35 பாகை அருகே இரட்டையாக நிற்கும் சிகரங்கள் 255 டிகிரி செல்சியஸை நெருங்க நெருங்க ஒன்றாகிவிடும், மோனோகிளினிக் (ஒரு கோணம் சாய்ந்த) அமைப்பு டெட்ராகனலாகிறது என்று பொருள். அந்த இடத்தில் வெப்பநிலைப் படிகளை நெருக்கமாக வையுங்கள்.

டெட்ராகனலுக்குக் கன அளவுக் குணகம் ஏ குணகத்தின் இரு மடங்கோடு சி குணகம்: இட்ரியம் வனடேட்டுக்கு சுமார் 20×10⁻⁶. தூளை அழுத்திச் சுட்ட வில்லையை டைலடோமீட்டரில் (சூட்டில் நீளம் மாறுவதை நேரடியாக அளக்கும் கருவியில்) அளந்து, அந்த நீளவாட்டுக் குணகம் இதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவாக வந்தால் கணக்கைச் சந்தேகிக்கும் முன் வில்லையை நுண்ணோக்கியில் பாருங்கள். அச்சுக்கு அச்சு விரிவு மாறுவதால் ஆறும்போது விழுந்த நுண்விரிசல்கள் விரிவை விழுங்கியிருக்கலாம்.