பழைய டீசல் ஜெனரேற்றரை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பழைய வீடுகளின் பின்வளவில், கிணற்றடிப் பத்திக்குள், சாக்கால் மூடியபடி ஒரு டீசல் ஜெனரேற்றர் கிடப்பதை இன்றைக்கும் காணலாம். 1990இல் போர் மறுபடி தொடங்கிய பிறகு குடாநாட்டுக்குத் தேசிய மின்வழங்கல் பல ஆண்டுகள் வரவே இல்லை. அந்தக் காலத்தில் ஓடி ஓய்ந்த இயந்திரங்கள் இவை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது பலர் அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். சிலர் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். வேறு சிலருக்கோ அதைத் திருத்தி ஓட வைக்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. இந்தக் கட்டுரை அவர்களுக்குத்தான்.

நான் பார்த்தவரையில் இருபது வருடம் சும்மா கிடந்து கெட்ட எஞ்சின்கள் குறைவு. சாக்கை எடுத்த முதல் வாரத்தில் அவசரத்தால் கெட்டவைதான் கூட. ஒருக்கால் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும் என்ற துடிப்பு எல்லாருக்கும் வரும். அந்தத் துடிப்பை ஒரு மாதம் அடக்கி வைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சுத்திப் பார்ப்போம் என்று தொடங்குவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். கொஞ்சம் டீசலை ஊற்றி, கைபிடியைப் போட்டு, சுத்திப் பார்ப்பது. எஞ்சின் பிடிக்காமல் போனால் பிரச்சினை இல்லை. பிடித்துவிட்டு நிற்காமல் போனால்தான் ஆபத்து.

பெற்றோல் எஞ்சின் என்றால் பிளக் வயரைப் பிடுங்கி நிறுத்திவிடலாம். டீசல் எஞ்சினில் பிளக்கே இல்லை. எரிபொருளும் காற்றும் போகும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்பதை, டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ரர் பம்புக்குள் இருக்கும் றாக் என்ற பல்லுச் சட்டம் தீர்மானிக்கிறது. அந்தச் சட்டத்தை இழுத்துத் தள்ளி வேகத்தைக் கட்டுப்படுத்துவது கவர்னர். றாக் முழு டீசல் நிலையில் இறுகிக் கிடந்தால் கவர்னரால் ஒன்றும் செய்ய முடியாது. எஞ்சின் வேகம் ஏறி ஏறிப் போகும். நிமிடத்துக்கு 650 சுற்று சுற்ற வேண்டிய பழைய லிஸ்டர் எஞ்சின் ஒன்று அதன் இரண்டு மடங்கு வேகத்துக்குப் போனால், அந்த வார்ப்பிரும்புப் பிளைவீல் வெடித்துச் சிதறக்கூடும். பக்கத்தில் நிற்பவர் தப்ப இடமில்லை.

எங்கள் பக்கத்து எஞ்சின்களில் றாக் இறுகுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது டீசல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் சமையல் எண்ணெய் கலந்து ஓட்டினார்கள். தாவர எண்ணெய் காற்றுப்பட்டு வருடக்கணக்கில் கிடந்தால் பிசினாக இறுகும். பம்பின் பக்கமூடியைக் கழற்றினால் தேன்நிறத்தில் ஒரு படை ஒட்டியிருப்பது தெரியும்; நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வரும். வெறும் மண்ணெண்ணெயில் கனகாலம் ஓடியிருந்தால் நிலைமை வேறு. மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுவழுப்பு இல்லை, அதனால் பம்பின் பிளஞ்சர், அதாவது டீசலைத் தள்ளும் தண்டு, தேய்ந்திருக்கும்.

ஆகவே முதல் ஸ்ராட்டுக்கு முன்னர் றாக்கை விரலால் தள்ளிப் பாருங்கள். கடைசிவரை போய், ஸ்பிரிங் இழுக்க தானாகத் திரும்பி வர வேண்டும். கவர்னரின் ஒவ்வொரு இணைப்பும் அசைய வேண்டும். அத்தோடு, காற்று போகும் வாயைவிடப் பெரிய ஒரு தட்டையான பலகைத் துண்டை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். எஞ்சின் கட்டுக்கடங்காமல் போனால் அந்தப் பலகையால் காற்றுவாயை அடைத்தால் நின்றுவிடும். கையால் அடைக்க வேண்டாம். துணியாலும் அடைக்க வேண்டாம், எஞ்சின் அதை உள்ளே இழுத்துவிடும்.

இறுகிய எஞ்சினை இழுத்துத் திறப்பது

பிளைவீல் அசையவில்லை என்றவுடன் நீளக் குழாயை மாட்டி நான்கு பேர் தொங்குவார்கள். லான்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி இழுத்த கதையும் உண்டு. இறுகல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பலம் போட்டால் உடைவது பிஸ்டன் றிங், வளைவது கனெக்ரிங் றொட்.

புகைக்குழாய் வானத்தைப் பார்த்தபடி திறந்து கிடந்திருந்தால் மாரி மழை சிலிண்டருக்குள் போயிருக்கும். குழாயைக் கழற்றி உள்ளே லைற் அடித்துப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டி வைத்திருப்பது சாதாரணம். வால்வுத் தண்டு துருப்பிடித்து ஒட்டியிருந்தால் அதையும் இப்போதே கண்டுபிடிக்க வேண்டும். ஒட்டிய வால்வோடு சுற்றினால் தள்ளுகம்பி வளையும்.

இன்ஜெக்ரரைக் கழற்றி, அந்தத் துளையால் டீசலும் ஒட்டோ கியர் ஒயிலும் சமமாகக் கலந்து ஊற்றுங்கள். பிறகு விட்டுவிடுங்கள். ஒரு கிழமை, இரண்டு கிழமை. இறங்க இறங்க மேலும் ஊற்றுங்கள். பிளைவீலில் வெண்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்து, இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கோடு ஒரு விரல் அகலம் நகர்ந்தால் அதே திசையில் மேலும் தள்ளாமல் திருப்பி ஆட்ட வேண்டும். துரு அப்படித்தான் விடும். அதற்கும் அசையாவிட்டால் மட்டும் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் மேல் மரக்கட்டை வைத்துத் தட்டலாம். ஊற்றிய கலவை கீழே ஒயிலோடு கலந்திருக்கும். அந்த ஒயிலில் எஞ்சினை ஓட்டவே கூடாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றிக் கொட்டுவது

பழைய மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் நின்றால் கட்டாயம் சொல்வார்: “தம்பி, கழட்டுற ஒழுங்கில ஒரு மட்டையில குத்தி வையும்.” இதைவிட நல்ல யோசனை கிடையாது. கைத்தொலைபேசியில் படம் எடுப்பதும் வேண்டும், ஆனால் மெல்லிய தகடுகள் படத்தில் தெரியாது. இன்ஜெக்ரர் பம்பின் அடியில் காகிதம் போல் ஒன்றிரண்டு தகடுகள் இருக்கும். பார்த்தால் குப்பை என்று தோன்றும். எரிபொருள் எந்தக் கணத்தில் பாய வேண்டும் என்பதை நிர்ணயிப்பதே அவைதான். ஒன்று தவறினாலும் எஞ்சின் அடிக்கும், புகைக்கும், பிடிக்காமலும் போகும். பெரிய பெயரிங்கின் மூடிக்கு இடையிலும் அப்படித் தகடுகள் இருக்கலாம். இடப்பக்கத்தது இடப்பக்கமே போக வேண்டும்.

இன்ஜெக்ரர் நுனியையும் அதன் ஊசியையும் சோடியாகவே தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள். இரண்டுக்கும் இடைவெளி சில மைக்ரோன்தான். வேறொன்றின் ஊசியை மாற்றிப் போடக்கூடாது. எமறித்தாள் அந்தப் பக்கமே வரக்கூடாது. சுத்தமான டீசலில் கழுவினால் போதும், நூல் விடும் துணியால் துடைக்கவும் வேண்டாம்.

இங்கே உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். டீசல் சரியாகத் தூவுகிறதா என்று பார்க்க இன்ஜெக்ரரின் முன் உள்ளங்கையைக் காட்டுகிறார்கள். நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வரும் அந்தத் தூவல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது. உள்ளே சதை அழியும். சில மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். காகிதத்தை நீட்டிப் பாருங்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் உடனேயே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே போனது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவது

தண்ணீரில் குளிரும் எஞ்சின் என்றால் யாழ்ப்பாணத்தில் இது தனிப் பிரச்சினை. எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிப்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். அதே படை சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் அறையிலும் படிகிறது, அதுவும் சூடு அதிகமான ஹெட்டின் பக்கத்தில்தான் கூடுதலாக. அந்தப் படை சூட்டை நன்றாகக் கடத்தாது. வெளியே தண்ணீர் இளஞ்சூடாக இருக்க, உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும். கரையோரக் கிணறுகள் என்றால் உப்பும் சேர்ந்து இரும்பை அரிக்கும்.

படையை எடுக்க பற்றறி அசிட்டோ கக்கூஸ் கழுவும் அசிட்டோ ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது சுண்ணாம்போடு சேர்த்து இரும்பையும் தின்றுவிடும். சிற்றிக் அமிலத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்தோ, வினாகிரி ஊற்றியோ ஊறவிட்டு, நுரை அடங்கியதும் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். கடைசியில் நன்றாகக் கழுவுங்கள். அதற்குப் பிறகு மழைத்தண்ணீர் மட்டும். மாரியில் கூரைத் தண்ணீரை இரண்டு கானில் பிடித்து வைத்தால் ஒரு வருடத்துக்குக் காணும்.

தண்ணீர்ப் பம்ப் இல்லாமல் பீப்பாயோடு ஓடும் எஞ்சின்களில் சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி, குளிர்ந்தது கீழால் திரும்பி வரும். பீப்பாய்க்குள் மேற்குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் இந்த ஓட்டம் நடக்கும். பீப்பாய் முக்கால்வாசி இருக்கிறதே என்று விட்டுவிட்டால், குழாய்வாய்க்குக் கீழே மட்டம் இறங்கிய கணத்தில் ஓட்டம் நின்றுவிடும். சூடேறிய எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

வோல்ற்றை மட்டும் பார்ப்பது

கறண்ட் தயாரிக்கும் பகுதியை, அதாவது ஒல்ரநேற்றரை, எஞ்சினை விடப் பொறுமையாக அணுக வேண்டும். குருநகர், காரைநகர், வல்வெட்டித்துறை போன்ற கரையோரங்களில் கிடந்தவற்றின் செப்புச் சுற்றில் உப்புப் படிந்திருக்கும். வெறுமனே வெயிலில் காய வைத்தால் உப்பு அங்கேயே நின்று இரவு ஈரத்தை மறுபடி இழுக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, பிறகு மூடிய பெட்டிக்குள் இழை பல்ப் ஒன்றை எரியவிட்டுச் சில நாட்கள் உலர்த்த வேண்டும். உலர்ந்ததா என்பதை, மின்காப்பை அளக்கும் 500 வோல்ற் மெகர் சொல்லும். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் ஓட்ட வேண்டாம். மெகர் போட முதல், வோல்ற்றைச் சீராக வைத்திருக்கும் ஏவிஆரையும் டயோட்டுகளையும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சோதனையே அவற்றைக் கொன்றுவிடும்.

எல்லாம் சரி, ஆனால் வோல்ற் வரவில்லை. உடனே எஞ்சின் வேகத்தைக் கூட்டுகிறார்கள். மீற்றரில் 230 வந்தால் திருப்தி. இது பிழை. வேகம் தீர்மானிப்பது ஹேட்ஸை, அதாவது கறண்ட் விநாடிக்கு எத்தனை அலையாக வருகிறது என்பதை. நான்கு காந்தமுனை கொண்ட ஒல்ரநேற்றர் சரியாக 1500 சுற்றில் ஓடினால்தான் எங்கள் 50 ஹேட்ஸ் கிடைக்கும். 650 சுற்று எஞ்சினில் 14 அங்குலப் புல்லியும் ஒல்ரநேற்றரில் 6 அங்குலப் புல்லியும் போட்டால் 1500க்குச் சற்று மேலே வரும், பாரம் ஏறும்போது அது இறங்கிச் சரியாகிவிடும். அந்த வேகத்தில் வோல்ற் போதாவிட்டால் குறை வேறெங்கோ இருக்கிறது. தேய்ந்த பிறஷ், கெட்ட டயோட், அல்லது கனகாலம் கிடந்து காந்தத்தை இழந்த இரும்பு. காந்தத்தை ஏற்ற 12 வோல்ற் பற்றறியை, ஒரு பல்ப்பைத் தொடராக இணைத்து, சரியான முனைகளில் ஓரிரு விநாடி தொட்டால் போதும். அப்போதும் ஏவிஆர் இணைப்பில் இருக்கக்கூடாது.

பெல்ற்றுக்குக் கட்டாயம் கூடு போடுங்கள். சாரத்தோடு எஞ்சினடியில் நிற்கவே நிற்காதீர்கள். பெல்ற் சாரத்தின் நுனியைப் பிடித்தால் ஆளையே இழுக்கும். கைபிடியால் சுற்றும்போது கட்டைவிரலும் மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே இருக்கட்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் முறியாது.

வீட்டுச் சுவர்ப் பிளக்கில் செருகுவது

இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் வீட்டுக்குக் கறண்ட் கொடுப்பதைப் பலர் கெட்டித்தனம் என்று நினைக்கிறார்கள். மெயின் சுவிச்சை நிறுத்த ஒருவர் மறந்தால் போதும், உங்கள் 230 வோல்ற் வீதி ட்ரான்ஸ்போமருக்குள் தலைகீழாகப் போய், மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ற்றாக லைனில் ஏறும். கறண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் இறந்துபோவார். வீதிக் கறண்டும் ஜெனரேற்றரும் ஒரே நேரத்தில் இணையாதபடி தடுக்கும் மாற்றுச் சுவிச் ஒன்றைத் தகுதியான மின்வேலைக்காரரைக் கொண்டு போடுங்கள். இந்தச் செலவில் கணக்குப் பார்க்கக் கூடாது.

அதேபோல, சத்தம் அயலுக்குக் கேட்கக்கூடாது என்று அறைக்குள் வைத்து ஓட்டுவதும் ஆளைக் கொல்லும். புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது.

இரண்டு பல்ப்போடு மணிக்கணக்கில் ஓட்டுவது

திருத்திய எஞ்சினைப் பூப்போல வைத்திருக்கிறோம் என்று பாரமே இல்லாமல் ஓட்டுவார்கள். டீசல் எஞ்சினுக்கு அது ஆகாது. சிலிண்டர் சூடேறாது, டீசல் முழுதாக எரியாது, புகைக்குழாயால் கறுப்பு எண்ணெய் வடியும். தாங்கும் அளவில் மூன்றில் ஒரு பங்காவது பாரம் கொடுங்கள். சூடாக்கும் கம்பிகள் இதற்கு நல்லவை. கிணற்று மோட்டரை எடுத்தவுடன் கொடுக்க வேண்டாம். தொடங்கும் கணத்தில் அது வழக்கமான கறண்டின் ஐந்தாறு மடங்கை இழுக்கும். 6 குதிரைவலு எஞ்சின் ஏறத்தாழ 3 கிலோவாட்தான் தரும்.

பெயின்ற் பற்றிச் சுருக்கமாக: எல்லாம் ஓடித் தீர்ந்த பிறகு அடியுங்கள். முன்னரே அடித்தால் வெடிப்பும் ஒழுக்கும் மறைந்துபோகும்.

முதல் சில மணித்தியால ஓட்டத்துக்குப் பிறகு எஞ்சின் ஆறியதும் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, ஒயிலை மாற்றுங்கள். பழைய அழுக்கெல்லாம் அதில் கரைந்து வந்திருக்கும். அந்த ஒயிலை வேலியோரத்தில் ஊற்றாதீர்கள். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, நாங்கள் குடிப்பது இந்தச் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் தண்ணீரைத்தான். கல்லில் வெடிப்புகள் அதிகம் என்பதால் மேலே ஊற்றுவது வடிகட்டாமலே கீழே போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். மூடியுள்ள கானில் சேர்த்து, கழிவு ஒயில் எடுக்கும் கராஜ் ஒன்றில் கொடுத்துவிடுங்கள். எஞ்சின் கழுவிய டீசலும் அதே கானுக்குத்தான் போக வேண்டும்.